பழைய வீட்டை இடிக்கும் முன்: சென்னையில் செங்கல், மரம், ரப்பிஷ் கணக்கு

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய வீடு இடிபடப்போகிறது என்று தெரிந்தால் முதலில் வந்து நிற்பவர் பழைய சாமான் வியாபாரி. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். உத்தரம் எத்தனை, தேக்கா வேங்கையா, வாசக்கால் எத்தனை, நடுவில் தண்டவாளம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து ஐந்து நிமிடத்தில் மனக்கணக்கை முடித்துவிடுவார். மொத்தமாக ஒரு தொகை சொல்லி, இடித்து மட்டம் பண்ணித் தருவதாகவும் சொல்வார். கையிலிருந்து காசு போகாமல் வேலை முடிகிறதே என்று வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார்.

வீட்டின் எடையில் பெரும்பங்கு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 1,000 சதுர அடியில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய பாணிக் கூரை) போட்ட தரைத்தள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவர்களின் மொத்த நீளம் 180 அடி, உயரம் 11 அடி, கனம் 9 அங்குலம் என்று வைத்து, கதவு ஜன்னலுக்கு 15 சதவீதம் கழித்தால் சுவர் ஏறக்குறைய 1,260 கன அடி, அதாவது 36 கன மீட்டர். செங்கல் கட்டுமானம் கன மீட்டருக்கு 1.9 டன் என்றால் 68 டன். 7 அங்குலக் கனமுள்ள கூரை இன்னொரு 30 டன். அஸ்திவாரத்தைத் தொடாமலே 100 டன் நெருங்கிவிட்டது. இதில் மரமும் இரும்பும் இரண்டு மூன்று டன் தேறினால் பெரிது.

மீதி ரப்பிஷ், அதாவது இடிபாட்டுக் கழிவு. உடைத்ததும் கன அளவு ஏறும், 1.4 மடங்கு என்று வைத்துக்கொண்டால் சுவரும் கூரையும் சேர்ந்து 73 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக 26 யூனிட். 3 யூனிட் டிப்பரில் ஒன்பது நடை. அந்த ஒன்பது நடையும் எங்கே போய் விழுகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. ஏரி வரத்துக் கால்வாய், காலி மனை, கூவம், அடையாறு கரை என்று எங்கே பள்ளம் தெரிகிறதோ அங்கே. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரங்களிலும் இப்படிக் கொட்டி மேடாக்கிய இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் வடிய மறுப்பதற்குப் பல காரணங்கள். இந்த ஒன்பது நடைகளும் அதில் சேர்த்தி.

இதே வீட்டில் செங்கல் எத்தனை? 9 × 4¼ × 3 அங்குலக் கல் என்றால் சாந்தோடு சேர்த்து கன மீட்டருக்குச் சுமார் 400. மொத்தம் 14,000-க்கு மேல். பழைய நாட்டுச் செங்கல் இதைவிட மெல்லியது, எண்ணிக்கை கூடும். கையால் பிரித்தால் பாதிக்குக் குறையாமல் முழுக்கல்லாக எடுக்கலாம். பொக்லைன் வைத்தால் பத்தில் ஒன்று முழுசாகக் கிடைத்தாலே ஆச்சரியம். எது கிடைக்கும், எது ரப்பிஷாகும் என்பது இடிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே முடிவாகிவிடுகிறது. அதனால் அதற்கு முன் செய்யவேண்டிய வேலையிலிருந்தே தொடங்குகிறோம்.

சாந்தைச் சுரண்டிப் பாருங்கள்

கல் மீளுமா மீளாதா என்பதைச் சொல்வது சாந்து. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மை. கடப்பாரை முனையை இணைப்பில் கொடுத்து நெம்பினால் சாந்து விட்டுக்கொடுக்கும், கல் தப்பிக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலைந்து பங்கு மணல் கலந்த 1:4, 1:5 சிமெண்ட் சாந்து கல்லைவிடக் கெட்டி; நெம்பினால் கல்தான் உடையும். சிமெண்ட் சாந்துச் சுவரிலிருந்து முழுக்கல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோதனைக்கு ஒரு மூன்றங்குல ஆணி போதும். பூச்சைக் கொத்தி எடுத்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆணியால் அழுத்திக் கீறுங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ மாவு உதிர்ந்து கால் அங்குலம் உள்ளே இறங்கினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். ஆசிட் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரண்டுமே நுரைக்கும், அதனால் பயனில்லை.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. சென்னையின் பழைய வீடுகள் பெரும்பாலும் கலவைதான். தரைத்தளம் சுண்ணாம்பாக இருக்கும், பிற்காலத்தில் எழுப்பிய மாடி சிமெண்டாக இருக்கும். கைப்பிடிச் சுவர் ஏதோ ஒரு மழைக்குப் பின் மாற்றிக் கட்டியதாக இருக்கும். குளியலறையும் சமையலறை மேடையும் அநேகமாக சிமெண்ட். ஐந்தாறு இடத்தில் கீறி, வீட்டு வரைபடத்தில் சுவர் சுவராகக் குறித்து வையுங்கள். கையால் பிரிக்க வேண்டிய சுவரும் இயந்திரத்துக்கு விட வேண்டிய சுவரும் அந்தத் தாளிலேயே பிரிந்துவிடும்.

ஒப்பந்தம்

வழக்கமான ஒப்பந்தம் ஒரே வரி: இருக்கிற நிலையில் எடுத்துக்கொண்டு, இத்தனை நாளில் காலி மனையாக ஒப்படைப்பது. இந்த ஒரே வரியில்தான் செங்கல் போகிறது. நாள் குறைவு, ஆகவே பொக்லைன். அதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதி கையால் பிரிப்பது: கதவு, ஜன்னல், தரைக்கல், ஓடு, கூரை, உத்தரம், சுண்ணாம்புச் சுவர். இரண்டாவது பகுதி இயந்திரம்: சிமெண்ட் சுவர், கான்கிரீட், அஸ்திவாரம். மேலே சொன்ன அளவு வீட்டில் முதல் பகுதிக்கு எட்டுப் பேர் மூன்றிலிருந்து நான்கு வாரம். முழுக்க இயந்திரம் என்றால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். இந்த மூன்று வார வித்தியாசத்தைத்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். கட்டுபடியாகுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

செங்கல் கணக்கு சுலபம். சுண்ணாம்பு ஒட்டிய கல்லை ஒரு ஆள் நாளைக்கு 500 வரை சுத்தம் செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 900 ரூபாய் என்றால் கல்லுக்கு 1.80. பிரித்து இறக்கும் கூலியைச் சேர்த்தாலும், புதுக்கல் சைட்டில் வந்து இறங்கும் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் தெரியும். கூடவே, முழுக்கல்லாக எடுத்த ஒவ்வொரு 1,000 கல்லுக்கும் மூன்று டன் ரப்பிஷ் குறைகிறது. அந்த டிப்பர் வாடகையையும் மிச்சத்தில் சேருங்கள். வங்கிக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் பெரிய திட்டத்தில் இந்தக் கணக்கு தோற்கலாம். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி), அரை கிரவுண்டு மனையில் சொந்தமாகக் கட்டுபவருக்கு, பிளான் அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்திலேயே பிரித்து முடித்தால், பெரும்பாலும் ஜெயிக்கும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய இன்னொன்று: முழுக்கல் எண்ணிக்கைக்குத் தனிக்கூலி. நாள் கூலிக்குப் பிரித்தால் வேலை இழுக்கும், மொத்தக் கூலிக்குப் பிரித்தால் கல் உடையும். சுத்தம் செய்து அடுக்கிய கல்லை எண்ணிக் காசு கொடுத்தால் கடப்பாரை தானாகவே மெதுவாக இறங்கும்.

சட்டம் பக்கம் ஒரு வார்த்தை. கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, ஒரே நாளில் 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவு உண்டாக்குபவர்கள் அதைக் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–சாந்து என நான்காகப் பிரிக்க வேண்டும் என்றது. 20 டன் என்றதும் பெரிய பில்டருக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். 3 யூனிட் டிப்பர் இரண்டு நடை போனாலே 20 டன். பொக்லைன் வைத்தால் சின்ன வீடும் ஒரே நாளில் அந்தக் கோட்டைத் தாண்டும். 2025-ல் அறிவித்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி வைத்த புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்குக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பையே சுமத்துகின்றன.

பிரிக்கும் வரிசை

மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் முறையாகத் துண்டித்து, சாக்கடை இணைப்பை அடைத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். சாக்கடை வாயை அடைக்காமல் இடித்தால் சாந்துத் தூள் போய்த் தெருக் குழாய் வரை அடைக்கும். புது வீடு கட்டி முடித்த பிறகுதான் அது தெரியவரும்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதுதான் முதலில். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றித் தனியாக வையுங்கள். அதை உடைத்து அஸ்திவாரப் பள்ளத்தில் போடுவது இந்த ஊரில் சர்வசாதாரணம். நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மறுபயன்பாடு என்ற பேச்சே இதற்குக் கிடையாது.

அடுத்து கதவு, ஜன்னல் பலகைகள், கம்பி கிராதி, தரையிலுள்ள கடப்பாக் கல், கருங்கல் படிகள். வாசக்காலை இப்போது தொடக் கூடாது. அது சுவரைத் தாங்கவில்லை என்றாலும், மேல் சட்டத்தின் இரு முனையும் சுவருக்குள் நீண்டிருக்கும். சம்மட்டியால் தட்டி இழுத்தால் முனை பிளந்து இணைப்பு ஆடிவிடும். மேலிருக்கும் சுவர் இறங்கி, பக்கத்துக் கல் விலகிய பிறகு அது தானே தனித்து நிற்கும். அப்போது ரீப்பர் கட்டையால் மூலைக்கு மூலை குறுக்கே ஆணியடித்து, சதுரம் குலையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் நிலைக்கும் ஒரே எண் கொடுங்கள். அதைச் சாக்பீஸால் எழுதாதீர்கள், முதல் மழையில் போய்விடும். உளியால் பின்பக்கம் கீறுங்கள். எந்தக் கதவு எந்த நிலைக்கு என்று தெரியாமல் போய், இரண்டையும் வெவ்வேறு விலைக்கு விற்றுவிட்டுப் பின்னால் வருந்தும் வீடுகள் நிறைய.

மெட்ராஸ் டெரஸ்தான் ஆபத்தான இடம். உத்தரத்தின் மேல் சிறு கட்டைகள், அதன் மேல் சிறிய மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டத்தில் செங்குத்தாக அடுக்கிய வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டிய அடுக்கு, கடைசியில் தட்டோடு. ஒழுகும்போதெல்லாம் ஆளாளுக்கு மேலே இன்னொரு பூச்சுப் போட்டிருப்பார்கள். 7 அங்குலம் இருக்க வேண்டியது 10 அங்குலமாகிக் கிடக்கும். பிரிக்கும்போது முதலில் தட்டோடும் ஜல்லியும், மேலிருந்தபடி, வீடு முழுக்க. சுமை போன பிறகுதான் செங்கல் அடுக்கு. கல் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்பதால், ஒரு மூலையைத் திறந்தால் இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள பட்டை முழுதும் சரியலாம். எனவே ஆள் செங்கல் மேல் நிற்கக் கூடாது. உத்தரத்துக்கு உத்தரம் பலகை போட்டு அதன் மேல் நிற்க வேண்டும். கீழே அந்த அறையில் ஒரு குஞ்சும் இருக்கக் கூடாது. கூரையின் மேல் எடுத்த ஜல்லியை அங்கேயே குவித்துவைப்பதுதான் விபத்துக்கு முக்கியக் காரணம், அன்றன்று இறக்குங்கள்.

சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்க வேண்டும். கல்லைச் சரிவுப் பலகையில் விடலாம், வீசக் கூடாது. ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். ஐப்பசி மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரில் கல் எடுப்பது சேற்றில் எடுப்பது போல. ஒட்டிய சாந்து களிம்பாகி, காய்ந்த பின் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். குவியல் கரைந்து மழைநீர் வடிகாலில் இறங்கினால் தெருவே உங்கள் வாசலுக்கு வரும்.

கல்லைத் தேறவைப்பது

சுத்தம் செய்த கல்லை இடது கையில் தொங்கலாகப் பிடித்து, கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு தட்டு. நல்ல கல் கணீர் என்கும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் அல்லது வேக்காடு போதவில்லை. பழகிய மேஸ்திரி பார்க்காமலே பிரித்துப் போட்டுக்கொண்டு போவார். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஏறக்குறைய இடுப்புயரம், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. பழைய சூளைகளில் அடுப்பு ஓரக்கல்லும் நடுக்கல்லும் ஒரே வேக்காடு கிடையாது. ஒரே சுவரிலேயே இரண்டும் இருக்கும்.

காதுக்குத் தெரியாதது இரண்டு: நீர் உறிஞ்சுதல், உப்பு. ஒவ்வொரு சுவரிலிருந்தும் ஐந்து கல் எடுத்து நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து மறுபடி எடை. கூடிய எடை 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சுவரின் கல் வெளிச்சுவருக்கு ஆகாது. உப்புக்கு, தட்டில் ஒரு அங்குலம் தண்ணீர் விட்டு கல்லை நட்டமாக நிறுத்துங்கள். தண்ணீர் முழுக்க வற்றியதும் மறுபடி அதே அளவு ஊற்றி வற்றவிடுங்கள். கல்லின் மேல் வெள்ளை பூப்பது பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரவாயில்லை. பாதியைத் தாண்டினால் ஜல்லிக்குக்கூட வேண்டாம். ராயபுரம், சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடல் காற்று அடிக்கும் இடங்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அங்கே கீழ் மூன்றடிச் சுவரில் உப்பு ஏறியிருக்கும், மேலே கல் நன்றாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். உப்புக் கல்லைப் புதுச் சுவரில் வைத்தால் இரண்டு மழைக்குள் பெயிண்ட் உரிந்து பூச்சு பொரியும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

தேறிய கல்லை எங்கே வைப்பது? தூண், பீம் போட்டு எழுப்பும் கட்டடத்தில் நடுவே அடைக்கும் உட்சுவர், சுற்றுச்சுவர், தோட்டப் பாதை, பூச்சில்லாமல் விடும் அலங்காரச் சுவர். தரைக்குக் கீழே, குளியலறையின் தாழ்வான தளத்துக்கு, எடை தாங்கும் சுவருக்கு வேண்டாம். பழைய கல் அளவில் கால் அங்குலம் முன்னே பின்னே இருக்கும், புதுக்கல்லோடு வரிசை சேராது. ஒரே சுவரில் இரண்டையும் கலந்தால் மேஸ்திரி சாந்தால் சரிக்கட்டுவார், சிமெண்ட் செலவு ஏறும். ஒரு சுவர் முழுக்கப் பழசு, இன்னொன்று முழுக்கப் புதுசு என்று பிரித்துவிடுங்கள்.

கட்டும் முன் கம்பி பிரஷ்ஷால் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்து, நன்றாக நனைக்க வேண்டும். தூளோடு வைத்தால் சாந்து தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. சாந்து 1:6-ஐவிடக் கெட்டியாக வேண்டாம். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை பழைய கல்லுக்கு இன்னும் ஒத்துவரும். பலமான சாந்து சுருங்கும்போது பழைய கல்லின் முகத்தைப் பிய்க்கும். அதைவிட முக்கியம், 40 வருடம் கழித்து அந்தச் சுவரைப் பிரிப்பவருக்கும் கல் முழுசாகக் கிடைக்கும்.

துண்டுக்கல்லை 20 மில்லிமீட்டருக்கு உடைத்தால் மொட்டைமாடியில் வெயிலையும் மழையையும் தடுக்கப் போடும் வெதரிங் கோர்ஸ் அடுக்குக்குச் செங்கல் ஜல்லி தயார். சிமெண்ட் பூச்சு ஒட்டிய துண்டைத் தள்ளிவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துத் தூளைச் சலித்து மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதைச் சுண்ணாம்பு என்று எண்ணிப் புதுச் சுண்ணாம்பைக் குறைத்தால் சாந்து நிற்காது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து ஏற்கெனவே கல்லாகிவிட்டது, இனி ஒட்டும் சக்தி கிடையாது.

மரம், இரும்பு

உத்தரத்தின் நடுப்பகுதி 80 வருடமானாலும் அப்படியே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் போயிருக்கும், ஈரம், கறையான். இருபுறமும் முக்கால் அடி வெட்டி எறிய வேண்டும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்; 12 அடி உத்தரம் உங்களுக்குப் பத்தரை அடிதான். 4 × 6 அங்குலம், பத்தரை அடி என்றால் 4 × 6 × 10.5 ÷ 144, அதாவது 1.75 கன அடி. வியாபாரி முழு நீளத்துக்கு விலை பேச மாட்டார். நீங்கள் வாங்கும்போது மட்டும் முழு நீளம் சொல்வார்.

அறுவை மில்லில் பழைய மரத்தைக் கண்டால் முகம் சுளிப்பதற்குக் காரணம் ஆணி. ஒரு ஆணி போதும், ரம்பப் பட்டை போய்விடும். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது. கையடக்க மெட்டல் டிடெக்டரால் நான்கு பக்கமும் தடவி, சாக்பீஸால் வட்டமிட்டுப் பிடுங்க வேண்டும். அதைச் செய்துவிட்டுப் போனால் அறுப்புக் கூலியில் பேரம் பேசலாம். பழைய கதவில் பல அடுக்கு எனாமல் பெயிண்ட் இருக்கும். பழைய எனாமலில் ஈயம் உண்டு. உலர்வாக சாண்ட்பேப்பர் போடாதீர்கள், ப்ளோ டார்ச்சால் எரிக்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் குழந்தைகள் நடமாடாத இடத்தில் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள்.

தண்டவாளம், ஐ பீம் துருவைத் தேய்த்து, தகட்டுக் கனத்தைப் பல இடத்தில் அளந்து, இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் மீண்டும் போடலாம். கான்கிரீட்டிலிருந்து எடுத்த கம்பி வேறு. 70, 80-களின் கட்டடங்களில் பெரும்பாலும் முறுக்கிய டார் கம்பி. ஏற்கெனவே முறுக்கிக் கெட்டியாக்கிய கம்பியை வளைத்து நிமிர்த்தினால் வளைவில் மயிரிழை விரிசல் விழும். தெருவோரம் கம்பி நிமிர்த்தி விற்பதை வாங்கித் தளம் போட்டால் அது யாருக்கும் நல்லதல்ல. எடை போட்டு விற்றுவிடுங்கள், உருக்கி மறுபடி கம்பியாகட்டும்.

கான்கிரீட்டும் நிரவலும்

இன்று சென்னையில் இடிபடுவதில் அதிகம் பெருகி வருவது ஓட்டு வீடும் டெரஸ் வீடும் அல்ல, 80, 90-களின் மூன்று மாடி ஃபிளாட்டுகள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 நடைமுறைக்கு வந்த பின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்றாகிவிட்டது. இவற்றில் முழுக்கல் எதிர்பார்க்க முடியாது. கான்கிரீட்டைத் தனியாகப் பிரித்து அரைப்பதே வழி.

அரைத்த ஜல்லியை எவ்வளவு சேர்க்கலாம் என்று ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383, 2016 பதிப்பு சொல்கிறது. அதில் எம் என்ற எழுத்தும் எண்ணும் கான்கிரீட்டின் பலத்தைக் குறிப்பவை. தூய கான்கிரீட்டை அரைத்த ஜல்லி என்றால், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்டதில் எம் 25 தரம் வரைக்கும் மட்டும் 20 சதவீதம், எம் 15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதும். செங்கல்லும் சாந்தும் கலந்த ஜல்லி என்றால் மெலிந்த கான்கிரீட்டுக்கு மட்டும்தான். ஆகவே தரைக்கடியில் போடும் மெலிந்த கம்பியில்லாக் கான்கிரீட் (பி.சி.சி.), பேவர் கல்லுக்கு அடித்தளம், வடிகால் படுக்கை இவற்றுக்குத் தாராளமாகப் போகலாம். அரைத்த ஜல்லியில் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் கருங்கல்லைவிடப் பலமடங்கு தண்ணீர் குடிக்கும். முந்தின நாளே நனைக்காமல் மிக்ஸரில் போட்டால் கலவைத் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும், கான்கிரீட் கட்டியாகும், ஆள் மேலும் தண்ணீர் ஊற்றுவார், பலம் போகும். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கட்டிய பழைய கட்டடமாக இருந்தால் குளோரைடு சோதனை செய்யாமல் கம்பி போட்ட வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் கெடுப்பது ஜிப்சம். பி.ஓ.பி. ஃபால்ஸ் சீலிங் உடைந்து ரப்பிஷில் கலந்தால், அதிலுள்ள சல்பேட் சிமெண்டோடு சேர்ந்து ஊதி, தளத்தைப் பிளக்கும். இடிப்பதற்கு முன்பே சீலிங்கை மூட்டை கட்டி வெளியேற்றுவது ஒரு நாள் வேலை. கலந்த பிறகு பொறுக்க முடியாது.

ரப்பிஷை வீட்டு பேஸ்மெண்ட் (தரைக்கு அடியில் உயர்த்தும் மேடை) நிரவலுக்குப் போடுவதுதான் ஊரில் அதிகம் நடக்கும் மறுபயன்பாடு. தெரு ஏற ஏற வீட்டையும் ஏற்றியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு புது வீட்டுக்கும் மூன்றடி நிரவல் தேவை. அதில் தவறுவதும் அதிகம். பெரிய கட்டிகளை அப்படியே தள்ளி மேலே மண்ணைக் கொட்டினால் உள்ளே பொந்து நிற்கும்; இரண்டாம் மழையில் மண் பொந்துக்குள் இறங்கி டைல்ஸ் உட்காரும். 75 மில்லிமீட்டருக்கு மேல் கட்டி கூடாது. கிரஷர் டஸ்ட் கலந்து, 6 அங்குல அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, பிளேட் கம்பாக்டர் ஓட்டி, அதன் பிறகே அடுத்த அடுக்கு. மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அது கறையானுக்கு நீங்களே வைக்கும் படையல்.

நகரம் செய்ய வேண்டியது

தெரு ஏறுவதும் பொருள் வீணாவதும் ஒரே கதை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் மேற்கு மாம்பலத்திலும் புரசைவாக்கத்திலும் வாசற்படி தெருவுக்குக் கீழே போனது. சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரின் உத்தரவு வந்தது. சுரண்டிய தார் ஜல்லியைப் புதுக் கலவையில் சேர்க்க இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 120 வழிகாட்டியும் உண்டு. சுரண்டும் இயந்திரம் தெருவுக்கு வருகிறது. சுரண்டியது புதுக் கலவைக்குப் போகிறதா, பள்ளம் மூடப் போகிறதா என்பதை வார்டில் யாராவது கேட்க வேண்டும்.

கட்டடக் கழிவை அரைக்கப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் உண்டு. ஆனால் முழுக்கல், வாசக்கால், கடப்பா போன்றவற்றுக்கு ஆலை தேவையில்லை, இடம் தேவை. இடிக்கும் மாதத்துக்கும் கதவு மாட்டும் மாதத்துக்கும் நடுவே ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடும். 10,000 கல்லை நாலடி உயரத்துக்கு அடுக்க 165 சதுர அடியும் நடைபாதையும் போதும், ஆனால் பைல் போடும் மிஷின் நிற்கும் ஒரு கிரவுண்டு மனையில் அந்த 165 சதுர அடிதான் கிடைக்காது. சுற்றுச்சுவரோடு சாய்த்து அடுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும். வார்டுக்கு ஒன்றாக, மாநகராட்சியின் பயன்படாத நிலத்தில் கூரை போட்ட ஒரு சேமிப்புக் கிடங்கு இருந்தால், இன்று டிப்பரில் ஏறும் கல்லில் நல்ல பங்கு மறுசுவர் ஏறும்.

வீட்டுவசதி நிறுவனங்கள் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும் இடங்களில் இந்தச் சிக்கல் பாதிதான். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய திட்டப் பகுதிகள் பல பிளாக்குகளாக இருப்பவை. எல்லா பிளாக்கையும் ஒரே மூச்சில் இடிக்காமல் கட்டம் கட்டமாக இடித்து, நகரும் கிரஷரை அங்கேயே நிறுத்தினால், முதல் பிளாக்கின் கான்கிரீட் அந்த வளாகத்தின் உள்சாலைகளுக்கே அடித்தளமாகும். டெண்டரில் எழுத வேண்டியது மூன்று: இடிக்கும் முன் பொருள் பட்டியல், எது வளாகத்துக்குள்ளேயே திரும்பும் என்ற அளவு, வெளியே போகும் ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டு.

எடைச் சீட்டு தனி வீட்டுக்கும் பொருந்தும். கொஞ்ச அளவு ரப்பிஷ் என்றால் 1913-க்கு அழைத்து மாநகராட்சியிடமே கேளுங்கள். எத்தனை டன் வரை எடுப்பார்கள், கட்டணம் என்ன என்று அன்றைய நிலவரத்தைச் சொல்வார்கள். காண்ட்ராக்டர் எடுத்துப் போகிறார் என்றால், நடைக் கூலியை வண்டி கிளம்பும்போது கொடுக்காமல், கொட்டிய இடத்தின் சீட்டு கைக்கு வந்த பின் கொடுங்கள். வண்டி எண், தேதி, எடை மூன்றும் அதில் இருக்க வேண்டும். தார்ப்பாய் மூடாத வண்டியை வாசலைத் தாண்ட விடாதீர்கள். வழியில் சிந்தினாலும், ஏதோ ஓர் ஏரிக்கரையில் பிடிபட்டாலும், ரப்பிஷ் யாருடையது என்று தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.